காற்று யாருக்குச் சொந்தம்? முப்பந்தல் காற்றாலைக் காட்டில் ஒரு பயணம்!

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்தால், வள்ளியூர் தாண்டியதும் மொபைலைக் கீழே வைத்துவிடுங்கள். வடக்கு பணகுடி, காவல்கிணறு என்று ஸ்டேஷன்கள் நகர நகர, பனைமரங்களுக்கு நடுவே ஒன்று, இரண்டு என வெள்ளைக் கோபுரங்கள் தலைகாட்டும். சில நிமிடங்களில் எண்ணுவதை விட்டுவிடுவீர்கள். ஆரல்வாய்மொழி வரும்போது இரண்டு பக்கமும் காற்றாலைகள்தான். குழந்தைகள் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொள்வார்கள். பெரியவர்கள் வீடியோ எடுப்பார்கள்.

ஆனி, ஆடியில் வந்தால் காற்றின் ருசியும் தெரியும். நெடுஞ்சாலையில் பைக் ஓட்டுபவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போவார்கள். டீக்கடையில் பேப்பர் விரித்துப் படிக்க முடியாது. கொடியில் போட்ட துணிக்கு இரண்டு கிளிப் வேண்டும்.

இத்தனை காற்றாலைகளையும் வைத்தது யார்? ரயிலில் பக்கத்து சீட்காரரைக் கேட்டால், பெரும்பாலும் 'கவர்மென்ட்தான்' என்பார். உண்மை வேறு. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் மின்வாரியம் தன் பெயரில் வைத்தது சுமார் 17 மெகாவாட் மட்டுமே. மீதி அத்தனையும் தனியார் பணம்.

அப்படியென்றால் இது சந்தையின் சாதனையா? அதையும் அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. சுத்தமான மின்சாரத்தை அரசு கையில் எடுக்க வேண்டுமா, சந்தையிடம் விட்டுவிட வேண்டுமா என்று உலகமெங்கும் நடக்கும் வாதத்துக்கு, இந்தக் கணவாய் ஒரு நாற்பது வருடப் பதிலை வைத்திருக்கிறது.

இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சந்து

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் குறுக்கே நிற்கிறது. மலை எங்கே இடைவெளி விடுகிறதோ, அங்கே காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் நின்றால் காற்று சில்லென்று வேகமாக அடிக்கும் அல்லவா? அதேதான். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி மூன்றும் அப்படிப்பட்ட சந்துகள். மூன்றின் வாசலிலும் காற்றாலைகள் நிற்கின்றன.

காற்றின் வேகத்துக்கு ஒரு விசேஷ கணக்கு உண்டு. வேகம் இரண்டு மடங்கு ஆனால், அதிலிருந்து கிடைக்கும் சக்தி எட்டு மடங்கு ஆகும். ஆகவே கொஞ்சம் கூடுதல் காற்று அடிக்கும் இடம்கூடத் தங்கச் சுரங்கத்துக்குச் சமம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆரல்வாய்மொழியில் நிற்கும் மலைக்குப் பெயரே காற்றாடிமலை. 1752-ல் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. 2022-ல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்ட பிறகு, வெளியூர்க்காரர்களுக்கும் மலையின் பெயர் தெரியவந்தது. காற்றாலை வருவதற்குப் பல தலைமுறை முன்பே காற்று இங்கே பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

சாலையோரத்தில் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில். லாரி, பஸ், கார் எதுவானாலும் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டி, அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் கணவாயைக் கடப்பார்கள். சேர, சோழ, பாண்டியர் மூவரும் பந்தல் போட்டுக் கூடிய இடம் என்பதால் முப்பந்தல் என்று பெயர் வந்ததாகச் செவிவழிக் கதை. அரசர்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்று இந்தப் பகுதியில் சுமார் 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகள் இருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

காற்றை அளந்த பெண்மணி

காற்று இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். எந்த மாதம், எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகம்? அது யாருக்கும் தெரியாது. அந்தக் கணக்கு இல்லாமல் வங்கி கடன் கொடுக்காது. எந்த முதலாளியும் கோடியைக் கொண்டுவந்து பொட்டலில் நட மாட்டார்.

அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் அன்னா மணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, பெங்களூரில் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். இந்திய வானிலைத் துறையில் உயர் பதவி வகித்து 1976-ல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு எடுத்துக்கொண்ட வேலைதான் காற்றை அளப்பது. அரசின் நிதியில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் கம்பம் நட்டு, கருவி பொருத்தி, மணிக்கணக்காகப் பதிவுசெய்து, புத்தகங்களாகப் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்து, எங்கே காற்றாலை வைக்கலாம் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்தது செய்து காட்டுவது. 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில், தலா 55 கிலோவாட் திறனுள்ள சிறிய காற்றாலைகளை அரசு நிறுவியது. பிறகு டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைப் பண்ணைகள் வந்தன. லாபம் பார்ப்பது அவற்றின் நோக்கமல்ல. நம் ஊர்ப் புழுதியிலும் வெயிலிலும் இந்த யந்திரம் ஓடுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஓடியது.

இந்த இரண்டு வேலையையும் தனியார் செய்திருக்க வாய்ப்பு குறைவு. சொந்தச் செலவில் அளந்தவர், கணக்கை அடுத்தவருக்குக் கொடுப்பாரா? அளந்தது எல்லோருக்கும் பயன்பட வேண்டுமென்றால், பொதுப் பணத்தில்தான் அளக்க வேண்டும்.

மில்காரர்கள் வந்தார்கள்

1991-ல் பொருளாதாரக் கதவு திறந்தது. மின் உற்பத்தியில் தனியாரும் இறங்கலாம் என்றானது. கோவை, திருப்பூர், ராஜபாளையம், திண்டுக்கல் நூற்பாலைகளுக்கு அப்போது பெரிய தலைவலியே கரன்ட்தான். ராட்டை நின்றால் நூல் அறும். நூல் அறுந்தால் நஷ்டம். சொந்தமாகக் காற்றாலை வைத்தால் என்ன என்று மில்காரர்கள் யோசித்தார்கள்.

யோசனையை வேகமாக்கியது வருமான வரிச் சட்டம். ஒரு யந்திரம் வருடா வருடம் தேயும். அந்தத் தேய்மானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது பொது விதி. காற்றாலைக்கு மட்டும், முழு விலையையும் முதல் வருடமே கழித்துக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தது மத்திய அரசு. ஒரு கோடி ரூபாய்க் காற்றாலை. வரி 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த வருடமே 40 லட்சம் வரி மிச்சம். மீதிப் பணத்துக்குக் கடன் கொடுக்க, 1987-லேயே இரெடா என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது.

இன்னொரு சலுகையை மாநில மின்வாரியம் கொடுத்தது. முப்பந்தலில் உற்பத்தியாகும் யூனிட்டை வாரியத்தின் கம்பியில் ஏற்றினால், கோவை மில்லின் மீட்டரில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு கட்டணம். ஆடியில் அதிகமாக உற்பத்தியானால், அதை வாரியத்திடம் 'டெபாசிட்' செய்துவிட்டுக் காற்றில்லாத மாதத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் ஒரு பங்கு கழிவு. கிராமத்தில் அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டிவைத்துப் பஞ்சத்தில் எடுப்பதுபோல!

பொட்டல் காடுகளுக்கு விலை வந்தது. கிரேன்கள் வந்தன. ஐ.டி.ஐ. படித்த இளைஞர்களுக்கு மெக்கானிக் வேலை, ஊர்க்காரர்களுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. சினிமாக்காரர்களும் பாட்டு எடுக்க வந்து இறங்கினார்கள்.

மார்ச் மாதக் காற்று

ஆனால் வரிச் சலுகையை நம்பி வரும் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு வேண்டியது வரி ரசீது. கரன்ட் இரண்டாம் பட்சம்தான்.

மார்ச் 31-க்குள் யந்திரம் ஓடினால் அந்த வருடக் கணக்கில் சலுகை. ஆகவே மார்ச்சில் கோபுரங்கள் அவசர அவசரமாக எழுந்தன. சலுகை யந்திரத்தின் விலைக்குத்தான். அது எத்தனை யூனிட் கொடுத்தது என்பதற்கு அல்ல. சரியாக இடம் பார்க்காமல் நட்டவை, பராமரிக்க ஆள் இல்லாதவை என்று சில காற்றாலைகள் நல்ல காற்றிலும் நின்றுகொண்டிருந்தன.

1996-ல் மத்திய அரசு குறைந்தபட்ச மாற்று வரியைக் கொண்டுவந்தது. சலுகைகளைக் காட்டி லாபத்தை முழுதாக மறைத்த நிறுவனங்களும் கொஞ்சமாவது வரி கட்டியாக வேண்டும் என்றது. நிறுவன வரி விகிதமும் குறைந்துகொண்டு வந்தது. கவர்ச்சி போய்விட்டது. அடுத்த இரண்டு, மூன்று வருடங்களில் நாடெங்கும் புதிய காற்றாலைகள் சரிந்தன. காற்று அதே காற்றுதான். மாறியது டெல்லியில் ஒரு பக்கக் காகிதம்.

2003 மின்சாரச் சட்டம் வந்து மறுபடி உயிர் கொடுத்தது. மின் உற்பத்திக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றது. ஒவ்வொரு மாநிலத்திலும் மின்வாரியம் வாங்கும் கரன்ட்டில் ஒரு பங்கு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்க வழி செய்தது. 2009 இறுதியில், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்று மத்திய அரசு அறிவித்தது. யந்திரம் வாங்கியதற்கு இல்லாமல், கரன்ட் கொடுத்ததற்குப் பரிசு. மார்ச் மாதக் காற்றுக்கு அதுதான் சரியான மருந்து.

கிழக்கே ஒரு குவிமாடம்

காவல்கிணறு சந்திப்பில் இருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் போனால், கொஞ்ச நேரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் குவிமாடங்கள் தெரியும். ஒரே வானத்தின் கீழ் இரண்டு வழிகள் எதிரெதிரே நிற்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கூடங்குளம் முழுக்க முழுக்க அரசின் வேலை. 1988-ல் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம். 2002-ல் கட்டுமானம். இடிந்தகரை மக்களின் நீண்ட போராட்டம். 2013 அக்டோபரில்தான் முதல் உலையின் மின்சாரம் கம்பியில் ஏறியது. 25 வருடம்! அதே காலத்தில், கைக்குழந்தையாக இருந்த தமிழகக் காற்றாலைத் திறன் 7,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மில்காரரும் வியாபாரியும் ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று வைத்துச் சேர்ந்த கணக்கு அது.

அதற்காகக் காற்றாலையே வென்றது என்று சொல்லிவிட முடியாது. ஒரு 1,000 மெகாவாட் அணு உலை இரவு பகல் பார்க்காமல் ஓடும். காற்றாலை அப்படியல்ல, வருடம் முழுவதும் சராசரி பார்த்தால் தன் திறனில் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான் தரும். மார்கழி, தையில் பல நாள் சும்மா நிற்கும். அப்போது ஈடுகட்ட வேறு மின் நிலையம் ஒன்று தயாராக இருந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பைச் சந்தையில் யாரும் தானாக எடுத்துக்கொள்வதில்லை.

இருட்டில் சுற்றிய இறக்கைகள்

2012. தமிழகம் மறக்க முடியாத வருடம். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் பாதி நாளுக்கு மேல் கரன்ட் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகள் மெழுகுவத்தியில் படித்தார்கள். கோவையில் பட்டறைகள் மூடிக் கிடந்தன.

அந்த வருடமே, நல்ல காற்று வீசும் சில நேரங்களில் முப்பந்தல் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது! காரணம், நள்ளிரவில் காற்று அதிகம் அடிக்கும். அப்போது தேவை குறைவு. வேறு மாநிலத்துக்கு அனுப்பலாம் என்றால், தென் மாநில மின் தொகுப்பு அப்போது நாட்டின் மற்ற தொகுப்போடு முழுதாக இணையவில்லை. தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகவும் மாநிலத்துக்குள் போதிய கம்பி இல்லை. ஊரில் இருட்டு, மலையடிவாரத்தில் வீணாகும் காற்று.

இன்னொரு பக்கம், வாரியத்துக்கு விற்ற கரன்ட்டுக்குப் பணம் வரவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாகப் பாக்கி என்று உற்பத்தியாளர்கள் புலம்பினார்கள். வாரியத்தைக் கேட்டால், அதன் கஜானாவும் காலி. விவசாயத்துக்கு இலவச மின்சாரம், வீடுகளுக்குக் குறைந்த கட்டணம். கட்டணத்தை உயர்த்த எந்த ஆட்சிக்கும் தயக்கம். 2014 இறுதியில் உயர்ந்த கட்டணம் அடுத்து உயர்ந்தது 2022-ல்தான். இடையில் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. நம் வீட்டு ஈ.பி. பில்லில் ஏறாத தொகை எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. அதில் ஒரு பகுதி, முப்பந்தலில் காற்றாலை வைத்தவரின் பாக்கியாக நின்றது.

அதே 2012 ஏப்ரலில் மத்திய அரசு தேய்மானச் சலுகையையும் வெட்டியது. 50 காசு ஊக்கத்தொகையும் காலாவதியானது. 2011-12-ல் நாடெங்கும் 3,000 மெகாவாட்டுக்கு மேல் வந்த புதிய காற்றாலைகள், அடுத்த வருடம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பிறகு ஊக்கத்தொகை 2013-லும், தேய்மானச் சலுகை 2014-லும் திரும்ப வந்தன. வந்ததும் கோபுரங்களும் வந்தன.

ஏலத்தில் வென்றது விலை, தோற்றது யார்?

2017 பிப்ரவரியில் ஆட்டத்தின் விதி மாறியது. அதுவரை ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஆணையம் விலை வைக்கும். தமிழகத்தில் 2016-ல் வைத்த விலை 4 ரூபாய் 16 காசு. இனி ஏலம், யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கே ஒப்பந்தம் என்றது மத்திய அரசு. முதல் ஏலத்தில் 3 ரூபாய் 46 காசு. அந்த வருட இறுதியில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய் 43 காசு! சந்தை தன் திறமையைக் காட்டிவிட்டது. அந்த விலைச் சரிவு நுகர்வோருக்கு நல்ல செய்தி. சந்தேகமில்லை.

ஆனால் மறுபக்கம் ஒன்று உண்டு. மத்திய அரசின் ஏலத்தில் கலந்துகொள்ள குறைந்தது 50 மெகாவாட் வேண்டும். ஒன்றிரண்டு காற்றாலை வைத்த ராஜபாளையம் மில்காரருக்கு அங்கே இடமில்லை. விலை இவ்வளவு குறையும் என்றால் பழைய விலைக்கு ஏன் வாங்க வேண்டும் என்று மாநிலங்கள் கையெழுத்துப் போடுவதை நிறுத்தின. 2016-17-ல் நாட்டில் 5,500 மெகாவாட். அடுத்த வருடம் 2,000 மெகாவாட்கூட வரவில்லை. பல காலம் முதலிடத்தில் இருந்த தமிழகத்தைச் சமீபத்தில் குஜராத் முந்திவிட்டது.

ஏலம் தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. விலையைக் கண்டுபிடிக்க ஏலத்தைவிட நல்ல கருவி கிடையாது. ஒரே நாளில் பழைய பாதையை மூடிவிட்டுப் புதிய பாதையைத் திறந்ததில்தான் வண்டிகள் கவிழ்ந்தன.

கம்பி யார் பொறுப்பு?

காற்றாலையை ஆறு மாதத்தில் நட்டுவிடலாம். கரன்ட்டைக் கொண்டுபோகும் உயர் அழுத்தக் கம்பியும் துணைமின் நிலையமும் வர ஐந்தாறு வருடம் ஆகும். முப்பந்தல் கற்றுக்கொடுத்த பெரிய பாடம் இதுதான்.

2013 கடைசி நாளில், ராய்ச்சூர்-சோலாப்பூர் மின்தொடர் வழியாகத் தென் மாநிலத் தொகுப்பு நாட்டின் தொகுப்போடு இணைந்தது. 'பசுமை மின்வழித்தடம்' திட்டத்தில் கயத்தாறு உள்ளிட்ட இடங்களில் பெரிய துணைமின் நிலையங்கள் வந்தன. மாநிலங்களுக்குள் போட்ட கம்பிக்கான செலவில் 40 சதவீதம் மத்திய அரசின் தூய எரிசக்தி நிதி, 40 சதவீதம் ஜெர்மனியின் வங்கிக் கடன், 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு. அந்த நிதி, நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாயில் தொடங்கி 400 ரூபாய் வரை உயர்ந்த வரியில் இருந்து சேர்ந்தது. கரியில் இருந்து காசெடுத்துக் காற்றுக்குக் கம்பி போட்டார்கள்!

பலன் தெரிந்தது. 2022 ஜூலையில் ஒரே நாளில் சுமார் 12 கோடி யூனிட் காற்று மின்சாரம் தமிழகத்துக்குக் கிடைத்தது. அன்றைய தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

சந்தையை அதிகம் நம்பும் அமெரிக்காவின் டெக்சாஸிலும் இதே கதைதான். அங்கே மேற்குப் பகுதியில் காற்று. கிழக்குப் பகுதியில் நகரங்கள். கம்பி இருந்தால் காற்றாலை வைப்போம் என்றார்கள் முதலாளிகள். காற்றாலை வந்தால் கம்பி போடுவோம் என்றன மின்தடக் கம்பெனிகள். கடைசியில் மாநில அரசு தலையிட்டு, சுமார் 700 கோடி டாலரில் 3,600 மைல் மின்தொடர் போட வைத்தது. 2014 வாக்கில் வேலை முடிந்தது. செலவை நுகர்வோரின் பில்லில் சேர்த்தார்கள். அதன் பிறகு காற்றாலை முதலீடு தானாகவே ஓடி வந்தது. சந்தை ஓடத் தயார். ரோடு போட்டது அரசு.

இறக்கையின் நிழலில் இருப்பவர்கள்

சாலையை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்தால் வேறொரு காட்சி. வீட்டுக் கொல்லைக்கு அந்தப் பக்கம் கோபுரம். மாலை வெயிலில் இறக்கையின் நிழல் சுவரில் ஏறி இறங்குகிறது. அந்த 'விஷ்... விஷ்...' சத்தம் பழகிவிட்டவர்களுக்கு, அது நின்றால்தான் தூக்கம் கலையும்.

ஆனால் அந்த இறக்கை சுற்றுவதற்கும் கீழே இருக்கும் வீட்டின் மின்கட்டணத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. நிலம் விற்றவருக்கு ஒருமுறை பணம் கிடைத்தது. காற்று வருடா வருடம் வருகிறது. அதன் வருமானம் வேறு ஊருக்குப் போகிறது. அரசா, சந்தையா என்று வாதாடும் இரண்டு தரப்புமே மறந்துபோன மூன்றாவது ஆள், ஊர்.

ஊராலும் முடியும் என்று காட்டிய பஞ்சாயத்து ஒன்று இதே தமிழ்நாட்டில் உண்டு. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை. 2006-ல் அந்தப் பஞ்சாயத்து, தன் சேமிப்பு 40 லட்சத்தோடு வங்கிக் கடன் ஒரு கோடியே 15 லட்சம் சேர்த்து, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. காற்றாலை நிற்பது ஊரில் அல்ல. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் தேவை போக, மிச்சத்தை வாரியத்துக்கு விற்று வருமானமும் பார்த்தது. மானியத்துக்குக் காத்திருக்காமல் வங்கியில் கடன் வாங்கியது சந்தை வழி. யார் வேண்டுமானாலும் காற்றாலை வைத்து, வாரியத்தின் கம்பியில் ஏற்றலாம் என்ற விதி அரசு வழி. இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு பஞ்சாயத்து முதலாளி ஆனது.

நல்ல காற்றில் பழைய யந்திரம்

முப்பந்தலின் இன்றைய கவலை வேறு. முதலில் வந்தவர்கள் நல்ல இடத்தைப் பிடித்தார்கள். ஆகவே அருமையான காற்று வீசும் இடங்களில், 1990-களின் 225, 250 கிலோவாட் குட்டி யந்திரங்கள் முப்பது மீட்டர் உயரத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இன்றைய யந்திரம் ஒன்று நூறு மீட்டருக்கு மேல் நின்று, அவற்றில் பத்தின் வேலையைச் செய்துவிடும். பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தால், அதே நிலத்தில் பல மடங்கு கரன்ட்.

கேட்க எளிது. பெரிய யந்திரத்துக்குச் சுற்றிலும் நிறைய இடைவெளி வேண்டும். அந்த இடம் பல பேர் பட்டாவில் இருக்கிறது. அவர்களுக்குள் பங்கு யார் பிரிப்பது? கூடும் கரன்ட்டைத் தாங்கக் கம்பி வேண்டும். பழைய யந்திரத்துக்கு இருக்கும் 'டெபாசிட்' வசதி புதியதற்கும் கிடைக்குமா என்ற சந்தேகம் தீர வேண்டும். 2016-ல் மத்திய அரசும் 2024-ல் தமிழக அரசும் இதற்கென்று கொள்கை வெளியிட்டன. மாநிலக் கொள்கையின் கட்டணங்களைக் காற்றாலைக்காரர்கள் எதிர்த்தார்கள். கம்பியையும் சமநிலையையும் தாங்கும் செலவுக்கு யார் பணம் கொடுப்பது என்பது வாரியத்தின் கேள்வி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. முடிவு எட்டும் வரை, ஆடிக்காற்றின் பெரும்பகுதி குட்டி இறக்கைகளுக்கு மேலே, பிடிக்க ஆளில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

நாற்பது வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் விடை எளிமையானது. காற்றை அளந்ததும், செய்து காட்டியதும், கம்பி போட்டதும் அரசு. அதை வைத்து ஆயிரக்கணக்கில் கோபுரம் நட்டதும், விலையை இறக்கியதும் சந்தை. ஒருவர் செய்ததை மற்றவரால் செய்திருக்க முடியாது. இறக்கைகள் நின்ற ஒவ்வொரு முறையும், 1996 ஆகட்டும், 2012 ஆகட்டும், 2017 ஆகட்டும், காரணம் ஒன்றுதான்: கொடுத்த வாக்கு நடுவழியில் மாறியது. சலுகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, பத்து வருடம் மாறாமல் இருக்கும் என்று தெரிந்தால் பணம் வரும். விற்ற கரன்ட்டுக்குக் காசு தேதி தவறாமல் வரும் என்றால் விலை இன்னும் குறையும். ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்றால், நிலம் தர ஊரே முன்வரும்.

சாயங்காலம் இசக்கியம்மன் கோயில் வாசலில் ஒரு லாரி நிற்கிறது. டிரைவர் இறங்கி, சூடத்தைக் கொளுத்தப் பார்க்கிறார். காற்று விடவில்லை. கையைக் குவித்து மறைத்து, மூன்றாவது தீக்குச்சியில் ஏற்றிவிடுகிறார். பின்னால் மலையடிவாரம் முழுக்க இறக்கைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால், வீடியோ எடுத்து முடித்ததும் ஒரு நிமிடம் நின்று, கணவாய்க் காற்றை முகத்தில் வாங்கிப் பாருங்கள். அதற்கு மட்டும் இன்னும் யாரும் மீட்டர் வைக்கவில்லை!